அக்கா படுத்துப் பார்த்த மெத்தை

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். வாசலிலேயே செல்போனைப் பிடுங்கி ஒரு துணிப்பையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். முகாம் முடிகிற வரை கையால் எழுதும் கடிதம் மட்டும்தானாம். "மனசு அமைதியாகும் சார்" என்றாள் வரவேற்பறைப் பெண். அவள் மேஜையில் அவளுடைய போன் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. நீ விலாசம் எழுதி, ஸ்டாம்பும் ஒட்டிக் கொடுத்தாயே ஒரு கட்டு உறை, அதில் முதல் உறை இது.

எங்களுக்குத் தலைமைப் பண்பு கற்றுக்கொடுக்கிறவருக்குப் பல்வரிசை என்று பெயர் வைத்திருக்கிறேன். நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும் முப்பத்திரண்டும் தெரியும். காலையில் வட்டமாக உட்காரவைத்து, "நீங்க எந்த மிருகம்?" என்று கேட்டார். சிமெண்டுக் கம்பெனிக்காரர் சிங்கம் என்றார். மருந்துக் கம்பெனியிலிருந்து வந்த அம்மா கழுகு என்றார். என் முறை வந்ததும், "நாங்க மெத்தைக் கம்பெனி சார். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே ஜீவன் மூட்டைப்பூச்சிதான்" என்றேன். ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை. பல்வரிசை மட்டும், "மூட்டைப்பூச்சிகிட்டயும் ஒரு விடாமுயற்சி இருக்கு பாருங்க" என்று பலகையில் எழுதிக்கொண்டார்.

மத்தியானம் எல்லோருக்கும் கண்ணைக் கட்டி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நாற்காலிகளுக்கு நடுவே நடக்கச் சொன்னார்கள். முன்னால் போனது சிங்கம். நேராகச் சுவரில் போய் முட்டினார். பின்னால் வந்த நாங்கள் அவர் முதுகில் முட்டினோம். இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். படித்துப் பட்டம் வாங்கி, வயது நாற்பதைத் தாண்டியவர்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

கிளம்புகிற அன்று கட்டிங் மாஸ்டர் ஒன்று கேட்டார். ஹோட்டலுக்குப் போகிற மெத்தைகளுக்கு ஓரத்தில் நீல நாடாவா, பழுப்பு நாடாவா? உன்னைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். மறந்துவிடாதே.

இந்தக் கூத்திலிருந்து என்னைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்.

தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

நீல நாடா. இதையும் நான்தான் சொல்ல வேண்டுமா? கண் என்ன, பிடரியிலா இருக்கிறது?

உன் பல்வரிசையை நானும் நம்பவில்லை. தண்ணீரைப் பார்க்காதவன் நீச்சல் கற்றுக்கொடுக்கிற தொழில் அது. அவர் எந்தக் கம்பெனியை நடத்தி, எத்தனை பேருக்கு மாதாமாதம் சம்பளம் போட்டார் என்று கேட்டுப் பார், பல் உள்ளே போய்விடும். ஆனாலும் உன்னை அனுப்பினேன். ஏன் தெரியுமா? இங்கே இருந்தால் ஒரு நாளைக்கு ஒன்பது தடவை என் அறைக் கதவைத் தட்டுகிறாய். அங்கேயாவது தட்டக் கதவு இருக்காது என்று நினைத்தேன். நீயோ நாடாவைத் தூக்கி உறையில் போட்டு அனுப்புகிறாய்.

ரப்பர்க்காரர் மறுபடி வந்தார். நமக்கு நுரை ரப்பர் விற்றுக்கொண்டிருந்த மனிதர் இப்போது கம்பெனியையே மொத்தமாகக் கேட்கிறார். என் அறைக்குள் வந்து ஜன்னலை அளவெடுக்கிற மாதிரி பார்க்கிறார். வாங்கினால் தையல் ஆட்களை அனுப்பிவிட்டு மிஷின் வைப்பார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தைக்கிறவர்களுக்கும் தெரியும். மாதக் கடைசியில் பதில் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன்.

உன்னிடம் ஒளித்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. நான் களைத்துவிட்டேன். இந்த மாதத்தோடு போகிறேன். சாவியை உன் கையில் கொடுப்பதா அவர் கையில் கொடுப்பதா என்பதுதான் பாக்கி. போனபடியே நீ திரும்பி வந்தால் அவர் கையில்தான். அவராவது எதையும் என்னிடம் கேட்க மாட்டார்.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியது வெந்த புண்ணில் வேல். அதற்கு முந்தின நாள்தான் இங்கே ஒரு கேவலம் நடந்தது.

பல்வரிசை எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். "யாரையும் கேக்காம நீங்களா எடுத்த கடைசி முடிவு என்ன? பெருசா சின்னதான்னு கவலைப்படாதீங்க." சிமெண்டுக்காரர் ஏதோ ஆலையை மூடினாராம். மருந்துக்கார அம்மா கணவரை விட்டுவிட்டாராம். என் முறை வந்தது. யோசித்து யோசித்து, "இங்க வர்றப்ப பஸ்ல ஜன்னலோர சீட்டு" என்றேன். சிரித்தார்கள். மூட்டைப்பூச்சிக்குச் சிரிக்காதவர்கள் இதற்குச் சிரித்தார்கள். அறைக்கு வந்து பையைத் திறந்து டிக்கெட்டைப் பார்த்தேன். அந்தச் சீட்டையும் முன்பதிவில் நீதான் பிடித்திருக்கிறாய்.

கேட்கிறேன் அக்கா, முடிவு எடுக்க என்னை நீ எப்போது விட்டாய்? நம் கம்பெனியில் புது மாதிரி மெத்தை எது வந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கூடத்தில் போட்டு நீ படுப்பாய். தையல் மிஷின்கள் நிற்கும். அத்தனை பேரும் உன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்போம். நீ எழுந்து தலையாட்டினால்தான் மெத்தை வெளியே போகும். பூப்போட்ட துணியில் நான் ஒரு மாதிரி செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நானே துணி தேடி, நானே மாஸ்டரிடம் நின்று வெட்டவைத்தேன். நீ படுத்தாய். எழுந்தாய். "தூக்கம் வரலை" என்றாய். முடிந்தது. அத்தனை பேர் முன்னால், ஒரு வார்த்தையில். அன்றிலிருந்துதான் நான் உன் கதவைத் தட்டுகிறேன். தட்டாமல் உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டேனே.

ரப்பர்க்காரரிடமே கொடுத்துவிடு. எனக்கு என்ன போச்சு.

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

அது பூ இல்லை. முட்டைக்கோஸ். முட்டைக்கோஸ் தோட்டத்தில் படுத்த மாதிரி இருந்தது. தூக்கம் வரவில்லை, வரவில்லை என்றேன். அதற்கு இத்தனை வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாயா? அன்றே, "நீ சொல்றது தப்புக்கா" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே. நீ வாயைத் திறந்தாயா? தலையைக் குனிந்துகொண்டு துணியை மடித்தாய். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று அம்மா உன்னைக் கொஞ்சுவாள். கொஞ்சியதன் பலனை நான் அனுபவிக்கிறேன்.

நேற்று மாஸ்டர் வந்து, "சின்னவர் எப்ப வருவாரு?" என்று கேட்டார். பரவாயில்லையே, தேடுகிறார்களே என்று எனக்கே ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. "ஏன், வேலை ஏதாவது நிக்குதா?" என்றேன். "வேலை ஓடுதுக்கா. கேரம் ஆட ஒரு கை குறையுது" என்றார்.

என்ன போச்சு என்று எழுதியிருக்கிறாய். எழுதும்போது கை கூசவில்லையா? ரப்பர்க்காரர் வந்தால் முதலில் போவது அந்த மாஸ்டர்தான். அவரிடம் போய்ச் சொல், எனக்கென்ன என்று.

ஹோட்டல் மெத்தை தயாராகிவிட்டது. ரப்பர்க்காரர் கொடுத்த புது நுரை. இன்று படுத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. தூக்கமும் வந்தது, எழுந்து தலையாட்டிவிட்டேன்.

அக்கா


ஜூன் 19
(முகாமின் அச்சிட்ட தாளில்)

மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கு,

நிறுவனத்தின் வளர்ச்சிப் பயணத்தில் தங்களின் பங்களிப்பை மிக உயர்வாக மதிக்கிறோம். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு திருப்பம் வரும். அந்தத் திருப்பத்தில் தங்களை அன்போடு இறக்கிவிட வேண்டிய நிலையில் இருக்கிறோம். இதை ஒரு முடிவாகக் கருதாமல் தங்களுக்கான புதிய வாசலாகக் கருத வேண்டுகிறோம்.

அக்கா, அப்பா கண்ணை மூடியபோது கம்பெனி கவிழாமல் பிடித்தது நீ. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் பிடித்த கையை நீ எடுக்கவே இல்லை. என் தோளிலும் அந்தக் கை, என் வாயிலும் அந்தக் கை. நீ திட்டுவது எனக்கு வலிக்கவில்லை. நான் என்ன சொல்வேன் என்று நீ ஒரு தடவைகூடக் காத்திருக்கவில்லை, அதுதான் வலிக்கிறது.

நாளையிலிருந்து நீ வர வேண்டாம். சாவியை மாஸ்டரிடம் கொடுத்துவிடு. இனிமேல் மெத்தையில் நான் படுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிர்வாகத்துக்காக


ஜூன் 22

தம்பிக்கு,

உன் கடிதத்தில் மேல்பாதி பல்வரிசை, கீழ்ப்பாதி நீ. மேல்பாதியைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அன்போடு இறக்கிவிடுகிறார்களாம். பஸ்ஸிலிருந்து தள்ளிவிடுகிறவன்கூட இதைவிட நாணயமாகத் தள்ளுவான். இந்த வாக்கியத்தைக் கற்றுக்கொடுக்க ஒரு முகாம், அதைக் கற்றுக்கொள்ள ஒரு கூட்டம்!

கீழ்ப்பாதியை வைத்திருக்கிறேன்.

நீ சொன்னபடி சாவியை மாஸ்டரிடம் கொடுத்தாயிற்று. "எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்றார். "சின்னவர் என்னை வேலையை விட்டு எடுத்துட்டாரு" என்றேன். மனிதர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். தையல் பகுதி முழுக்க விஷயம் பரவியிருக்கும்.

ரப்பர்க்காரருக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன், பதில் புது நிர்வாகி சொல்வார் என்று. யார் அது என்று கேட்டாராம். சொன்னதும், "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றாராம். அவர் சந்தோஷப்பட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

என் பள்ளிக்கூடத் தோழி, கடலோரத்தில் இருக்கிறாளே டீச்சர், அவள் வீட்டுக்குப் போகிறேன். போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். வேண்டுமானால் எழுது. விலாசம் கீழே. இந்தத் தடவை உறையும் ஸ்டாம்பும் உன் செலவு.

அக்கா


ஜூன் 24

அக்கா,

என்ன காரியம் செய்தாய்! அது பயிற்சி!

'கடினமான கடிதம்' என்று ஒரு வகுப்பு. கம்பெனியில் யாரை வேலையை விட்டு எடுக்க ரொம்பப் பயமோ அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். தொடக்கம் பலகையில் இருக்கும், அதை அப்படியே எழுதிவிட்டு மீதியை மனசிலிருந்து எழுத வேண்டும். எழுதி உறையில் போட்டு ஒரு தகர டப்பாவில் போட்டால், சாயங்காலம் எல்லோரும் சுற்றி நிற்க அதைக் கொளுத்துவார்கள். மனபாரம் குறையுமாம். எல்லோரும் வெற்று உறையில் போட்டார்கள். என்னிடம் இருந்தது நீ விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்த உறைகள் மட்டும்தான். யோசிக்காமல் அதில் போட்டுவிட்டேன். ஆபீஸ் உதவியாளர் டப்பாவைப் பார்த்து, ஐயோ நல்ல ஸ்டாம்பு ஒட்டிய கடிதம் தவறி விழுந்திருக்கிறதே என்று எடுத்துத் தபாலில் சேர்த்துவிட்டார். நல்ல மனசு. நாசமாய்ப் போக.

பல்வரிசையிடம் ஓடினேன். "அருமை! இதைத்தான் நாங்க எதிர்பார்க்கிறோம்" என்றார். அந்தப் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்திருப்பேன். சிமெண்டுக்காரர் பிடித்துக்கொண்டார். அவரும் ஆலையை மூடவில்லையாம், அண்ணன் மூடியதைத் தன் கணக்கில் சொன்னாராம். பிடித்துக்கொண்டே காதில் சொன்னார்.

முகாம் முடியும்வரை காத்திருக்கப் போவதில்லை. நாளைக் காலை கிளம்புகிறேன். நீ திரும்பி வா. வராவிட்டால் இதற்காவது பதில் எழுது: ரப்பர்க்காரருக்கு நான் என்ன சொல்ல?

தம்பி


ஜூன் 27

தம்பிக்கு,

பயிற்சி என்று எனக்குத் தெரியாதா? இப்படி ஒரு கடிதத்தை நீயாக அனுப்பியிருப்பாய் என்று நம்ப எனக்கென்ன புத்தி மழுங்கிவிட்டதா? உதவியாளர் புண்ணியத்தில் வந்தது. வந்ததைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வரமாட்டேன்.

ரப்பர்க்காரருக்கு என்ன சொல்வதென்று என்னிடம் கேட்காதே. நான் வேலையை விட்டு எடுக்கப்பட்ட ஆள்.

ஆனால் ஒன்று. ஹோட்டல் மெத்தை லாரி ஏற வேண்டும். நான் படுத்துப் பார்த்துத் தலையாட்டியது. அதில் நீ கை வைக்காதே. அதை மட்டும் அனுப்பிவிட்டு மீதியை உன் இஷ்டப்படி செய். விற்றாலும் எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுத வரவில்லை. நான் கிளம்புகிற அன்று தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். அதுவே கண்ணுக்குள் நிற்கிறது.

இங்கே டீச்சர் என்னை எதுவும் கேட்பதில்லை. டீயில் சர்க்கரை எவ்வளவு என்றுகூட. அவளாகப் போடுகிறாள், நான் குடிக்கிறேன். கொஞ்சம் தித்திப்பு அதிகம்.

அக்கா


ஜூலை 3

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் செய்தேன். கிடைக்கவில்லை, தாமதமாக வந்தது என்றெல்லாம் சாக்குச் சொல்ல மாட்டேன்.

மாதக் கடைசியன்று உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நான் கம்பெனிக்குப் போனபோது லாரி வாசலில் நின்றது. ரப்பர்க்காரர் உன் அறையில் உட்கார்ந்திருந்தார், உன் நாற்காலியில். "வாங்க தம்பி, ஒரு கையெழுத்துதான். அப்புறம் நீங்க நிம்மதியா இருக்கலாம்" என்றார். பல்வரிசையின் அண்ணன் மாதிரி அதே சிரிப்பு. கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். என்ன செய்வதென்று சத்தியமாகத் தெரியவில்லை. கால் வழக்கம்போல உன் கதவுப் பக்கம் திரும்பியது. கதவுக்குப் பின்னால் அவர்தான் இருந்தார். அதனால் மாஸ்டரிடம் சொல்லி ஹோட்டல் மெத்தை ஒன்றைப் பிரித்துக் கூடத்தில் போடச் சொன்னேன்.

"அக்கா பாத்தாச்சே தம்பி" என்றார். "நான் பாக்கலையே" என்றேன்.

படுத்தேன். மிஷின்கள் நின்றன. அத்தனை கண்ணும் என் மேல். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, பிறகு இடுப்பு வலித்தது. புரண்டு அந்தப் பக்கம் போனேன், வலி போய்விட்டது. திரும்ப இந்தப் பக்கம் வந்தேன், அதே பள்ளம். மாஸ்டரைக் கூப்பிட்டு அவரையும் படுக்கச் சொன்னேன். கூச்சப்பட்டுக்கொண்டே படுத்தார். "ஆமா தம்பி, இடது பக்கம் இறங்குது" என்றார். இன்னும் நாலு மெத்தைகளைப் பிரித்தோம். எல்லாம் அதே கதைதான். நுரையை ஒரு பக்கம் மட்டும் நெருக்கமாக வார்த்திருக்கிறார்கள்.

நீ எப்போதும் மெத்தையின் வலப்பக்கம்தான் படுப்பாய் அக்கா. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். ஹோட்டலில் இரண்டு பேர் படுப்பார்கள்.

லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஹோட்டல்காரரிடம் நானே போய், மெத்தை சரியில்லை, தாமதமாகும் என்றேன். வாயில் வந்தபடி திட்டினார். நின்று கேட்டுக்கொண்டேன். உன்னிடம் கேட்டுப் பழகிய காது. கடைசியில் காத்திருக்கிறேன் என்றார்.

ரப்பர்க்காரரைக் கூடத்துக்கு அழைத்து வந்து, "நீங்களே படுத்துப் பாருங்க சார்" என்றேன். தையல்காரம்மாதான் தலையணை கொண்டுவந்து போட்டாள். அவர் படுக்கவில்லை. சிரிப்பும் போய்விட்டது. கம்பெனி விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன். இனி அவரிடம் நுரையும் வாங்கப் போவதில்லை.

நீ தலையாட்டியதை நான் நிறுத்தியிருக்கிறேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். ஆனாலும் மாற்றமாட்டேன்.

தம்பி


ஜூலை 7

முதலாளி அவர்களுக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். படுக்கத் தெரியாதவன் மெத்தை பள்ளம் என்கிறான். உன் கடிதத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். என்ன திமிர்! நான் தலையாட்டிய மெத்தையை நாலு பேர் முன்னால் பிரித்துப் போட்டுப் புரண்டானாம், அதற்குத் தலையணை வேறாம். டீச்சர் பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். கீழே கிடந்ததை எடுத்து மறுபடி படித்தேன். மறுபடி கோபம் வந்தது. கோபத்தோடு கோபமாகச் சாப்பிட்டேன், வழக்கத்தைவிட அதிகமாக.

அப்புறம் இங்கே என் கட்டிலில் படுத்தேன். எந்தப் பக்கம் படுத்திருக்கிறேன் என்று பார்த்தேன். வலப்பக்கம். இத்தனை வருஷமாக நாம் விற்ற மெத்தைகளில் இடப்பக்கம் படுத்தவர்களை நினைத்துப் பார்த்தேன். அப்புறம் நினைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீயும் நினைக்காதே, போனது போகட்டும்.

பல்வரிசைக்கு நன்றி சொல்லி எழுதிவிடாதே. அவர் அதையும் பலகையில் எழுதி நாலு பேரிடம் விற்பார். சொல்ல வேண்டுமானால் அந்த உதவியாளருக்குச் சொல்.

என்ன சொன்னாலும் அந்த மெத்தை நன்றாகத்தான் இருந்தது. உன் இடுப்புதான் கோணல். நான் இருந்திருந்தால் அன்றே லாரி ஏற்றியிருப்பேன். நான் அங்கே இல்லை. நீ சொல்லிவிட்டாய். அதனால் ஏற்ற வேண்டாம்.

பின்குறிப்பு: முட்டைக்கோஸ் துணி இன்னும் மேல் பரணில் இருக்கிறது. பூச்சி அரிக்காமல் இருக்க வருஷா வருஷம் நான்தான் எடுத்து வெயிலில் போடுவேன். இந்த வருஷம் போடவில்லை. அதை என்ன செய்வது என்று என்னைக் கேட்காதே.

அக்கா